எல்லை மாறிய பின் வரும் தேர்தல்: சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

ஒரு ஜில்லாவை இரண்டாகப் பிரிப்பதும், ஒரு கிராமப் பஞ்சாயத்தைப் பக்கத்திலுள்ள நகரசபையோடு சேர்ப்பதும் கெஜட்டில் ஓர் அறிவிப்பு வெளியிடுவதோடு முடிந்துவிடக்கூடிய காரியங்களே. ஆனால் அவ்விதம் எல்லை மாறிய இடத்தில் ஜனங்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுப்பது அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. 2019-ம் வருஷம் டிசம்பர் மாதம் 27, 30 ஆகிய தேதிகளில் நமது திருவள்ளூர் ஜில்லாவும் அடங்கிய 27 ஜில்லாக்களின் கிராமங்களில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடந்தது. அதே சமயத்தில், 22 வருஷங்களுக்கு முன்வரை நம்மோடு ஒரே ஜில்லாவாக இருந்த காஞ்சீபுரத்துக் கிராமங்களில் தேர்தல் நடக்கவில்லை. அங்குள்ளோர் 2021-ம் வருஷம் அக்டோபர் மாதம் வரையில் காத்திருக்க நேர்ந்தது. பூவிருந்தவல்லி யூனியனில் இருக்கும் அண்ணன் வோட்டுப் போட, ஜில்லா எல்லைக்கு அப்பால் குன்றத்தூர் யூனியனில் இருக்கும் தம்பிக்கு வோட்டு இல்லாமற்போன காரணம் யாது என்று சங்கக் கூட்டங்களில் பலர் கேட்பதுண்டு. அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நமது அங்கத்தினர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. தேசத்தின் முதல் விவசாய நாணய சங்கம் 1904-ம் வருஷத்தில் இந்த ஜில்லாவைச் சேர்ந்த திரூரிலேயே பதிவாயிற்று. ஆகவே சங்க நடைமுறை நம்மவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கமானது. இரண்டு சங்கங்களை ஒன்றாக்க வேண்டுமானால் முதலில் என்ன செய்கிறோம்? புதிய சங்கத்தின் எல்லை எது, எந்தெந்தக் கிராமங்கள் அதில் அடங்கும், அங்கத்தினர் ரிஜிஸ்தரில் யார் யார் பெயர் இருக்கவேண்டும், எவருக்கு எத்தனை பங்கு என்று தீர்மானித்த பிறகே நிர்வாக சபைக்குத் தேர்தல் வைக்கிறோம். ரிஜிஸ்தர் தயாராகுமுன் தேர்தல் வைத்தால், தோற்றவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். ஜெயித்தவருக்கும் நிம்மதி இராது. ஜில்லா விஷயத்திலும் நிலைமை இதுவே. வித்தியாசம் யாதெனில், சங்கத்தில் நூறு பேர் சம்பந்தப்படுகிற இடத்தில் அங்கே லட்சக்கணக்கானவர்கள் சம்பந்தப்படுகிறார்கள்.

நம் பிரதேசத்தின் எல்லைகள் மாறி வந்த விதத்தைச் சிறிது பார்ப்போம். 1920-ம் வருஷத்துச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின் கீழ் தாலுகா போர்டு என்றும் ஜில்லா போர்டு என்றும் இருந்தன. 1934-ல் தாலுகா போர்டுகள் எடுபட்டன. 1958-ம் வருஷத்துச் சட்டத்தின்படி பஞ்சாயத்து யூனியன்கள் ஏற்பட்டு, ஜில்லா போர்டுகளும் மறைந்தன. 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திர எல்லை திருத்தப்பட்டபோது, சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணி இப்பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் வடபாகத்திலிருந்த சத்தியவேடு முதலிய பகுதிகள் அப்பக்கம் சென்றன. 1997-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி பழைய செங்கற்பட்டு ஜில்லா பிரிந்து திருவள்ளூர் என்றும் காஞ்சீபுரம் என்றும் இரண்டாயிற்று. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, நம் ஜில்லாவிலிருந்த அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம், கத்திவாக்கம் முதலிய நகரசபைகள் அதில் கரைந்தன. 2018-ல் அப்பகுதித் தாலுகாக்களே சென்னை ஜில்லாவுக்குப் போய்ச் சேர்ந்தன. நமது வயோதிகர் ஒருவர் ஒரே வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே இரண்டு மூன்று ஜில்லாக்களைப் பார்த்திருக்கக் கூடும்.

இவற்றுள் 1997-ம் வருஷத்துப் பிரிவினையில் ஒரு விசேஷம் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1996-ம் வருஷம் அக்டோபரில் தேர்தல் நடந்து, ஒன்பது மாதம் ஆகுமுன் ஜில்லா பிரிந்தது. ஆகவே ஒரு ஜில்லாவுக்கென்று ஜனங்கள் வோட்டளித்தார்கள். ஆட்சி இரண்டு ஜில்லாக்களாக நடந்தது. திருவள்ளூர் ஜில்லா என்ற பெயரோடும் எல்லையோடும் நடந்த முதல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் 2001-ம் வருஷம் அக்டோபரில்தான். இதைப் பற்றி அக்காலத்தில் பெரிய வழக்கு எதுவும் பேசப்பட்டதாகத் தெரியவில்லை. தேர்தல் முடிந்த பிறகு பிரித்ததால் சச்சரவு குறைந்திருக்கலாம். தேர்தலுக்கு மூன்று நாள் முன் பிரித்தால் என்ன நேரும் என்பதைப் பின்னால் காண்போம்.

நிற்க. இப்போதுள்ள சட்டத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய நாட்களில் பஞ்சாயத்துத் தேர்தல் வைப்பதும் வைக்காததும் ராஜ்ய சர்க்காரின் இஷ்டம். 1970-ல் ஒரு தேர்தல் நடந்தது; அடுத்தது 1986-ல். இடையில் 16 வருஷம் சென்றது. இந்த நிலையை மாற்றவே அரசியல் சட்டத்துக்கு 73-வது திருத்தம் செய்யப்பட்டு, 1993-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி ஒரு பஞ்சாயத்தின் ஆயுள் 5 வருஷம். அதற்குமேல் ஒரு நாளும் நீடிக்கக்கூடாது. அந்த 5 வருஷம் முடியுமுன் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். தேர்தலை நடத்துவதற்கென்று தனியாக ராஜ்யத் தேர்தல் கமிஷன் உண்டு. ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அவர்கள் ஜனத்தொகைக்குத் தக்கபடி ஸ்தானங்கள் ஒதுக்க வேண்டும். ஸ்திரீகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். நமது ராஜ்யத்தில் 2016-ல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு அங்கத்தினருக்கும் கூடியவரை சமமான ஜனத்தொகை இருக்கும்படி வார்டுகளைப் பிரிக்க வேண்டும். ‘கூடியவரை’ என்ற ஒரு சொல்லில்தான் பாதிச் சண்டை அடங்கியிருக்கிறது.

வார்டு பிரிப்பது என்றால் என்ன என்பதைக் கணக்கின் மூலம் பார்ப்போம். ஒரு பஞ்சாயத்தில் 1,800 ஜனங்கள் இருப்பதாகவும், வார்டுகள் 6 என்றும் வைத்துக்கொள்க. வார்டு ஒன்றுக்கு 300 பேர். தாய்க்கிராமத்தில் 1,100 பேர், காலனியில் 400 பேர், ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பில் 120 பேர், அதற்கு அடுத்த சிற்றூரில் 180 பேர். இருளர் குடியிருப்பையும் பக்கத்துச் சிற்றூரையும் ஒன்றாகச் சேர்த்தால் சரியாக 300 ஆகிறது. அந்த வார்டில் நிற்கும் எந்த அபேட்சகரும் இருளர் வாசலுக்குப் போகாமல் ஜெயிக்க முடியாது. அவ்விதமின்றி, தெருவின் வடசிறகில் உள்ள 60 பேரைத் தாய்க்கிராமத்து வார்டு ஒன்றோடும், தென்சிறகில் உள்ள 60 பேரை வேறொரு வார்டோடும் சேர்த்துவிட்டால், இரண்டிலும் அவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. வோட்டு யாரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. தலைக்கணக்கிலும் பிழை காணமுடியாது. எனினும் அவர்களுக்கு மின்விளக்குக் கம்பம் வருவது அடுத்த ஐந்து வருஷத்துக்குச் சந்தேகமே. நமது ஜில்லாவில் இருளர் குடியிருப்புகள் பலவும் இவ்விதம் ஏரி, ஓடை ஓரங்களில் சிதறிக் கிடப்பதால் இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டேன்.

கைத்தொழில் வளாகங்கள் உள்ள கிராமங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. வார்டு பிரிப்பது ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்து. 2019-ல் அதற்கு ஆதாரம் 2011-ம் வருஷத்துக் கணக்கு. வோட்டுப் போடுவதோ ஓட்டர் ஜாபிதாவில் பெயருள்ளவர்கள் மாத்திரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியும், தேர்வாய்க் கண்டிகையைச் சுற்றியும் வட தேசத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் வாடகை அறைகளில் குடியிருக்கிறார்கள். அவர்களிற் பலரின் பெயர் சொந்த ஊர் ஜாபிதாவிலேயே நிற்கிறது. இங்கே தண்ணீர், குப்பை, சாக்கடை ஆகிய செலவுகள் மட்டும் பஞ்சாயத்தின் தலையில். இதற்குச் சட்டத்தில் இன்னும் சரியான பரிகாரம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி 2016-ம் வருஷத்துக்கு வருவோம். அவ்வருஷம் அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவிக்கப்பட்டு, அபேட்சை மனுக்களும் வாங்கியாயிற்று. அக்டோபர் 4-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு அந்த அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினருக்கு ஸ்தானங்கள் முறைப்படி ஒதுக்கப்படவில்லை என்பது வழக்கின் சாரம். அம்மாதமே பழைய அங்கத்தினர்களின் காலம் முடிந்தது. பஞ்சாயத்துக்கள் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தேர்தல் மறுபடி வந்து புதியவர்கள் 2020-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி பதவியேற்கும்வரை, மூன்று வருஷத்துக்கு மேல் நம் கிராமங்கள் அவ்விதமே இருந்தன.

தனி அலுவலர் என்ற பெயர் சங்க அங்கத்தினர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அவர்களைக் குறை கூறுவதும் என் நோக்கமன்று. நானும் ஓர் இலாகா சிப்பந்தியே. ஆனால் கணக்கு கணக்கே. நமது ஜில்லாவில் 2019 தேர்தலின்போது 14 யூனியன்களும் 526 கிராமப் பஞ்சாயத்துக்களும் இருந்தன. இவற்றுள் கும்மிடிப்பூண்டி யூனியனில் மட்டும் 61, மீஞ்சூரில் 55, எல்லாபுரத்தில் 53, பூண்டியில் 49. புழலில் 7 மாத்திரமே. பஞ்சாயத்துக்களின் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் வந்தால், கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் நாள் ஒன்றுக்கு ஒரு கிராமம் வீதம், வேறு வேலை எதுவும் பாராமல் சுற்றினாலும், ஒரு கிராமத்துக்கு மறுபடி வர இரண்டு மாதம் ஆகும். குழாய் உடைந்தால் பிரஸிடெண்டு வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்லுகிற வசதி இதில் இல்லை.

பணத்தின் சங்கதி இதைவிட முக்கியமானது. தெரிந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இருக்கும்போது பணம் எடுக்கும் செக்கில் பிரஸிடெண்டும் துணைப் பிரஸிடெண்டும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். நமது சங்கங்களில் பொக்கிஷத்தை ஒருவர் கையில் விடாமல் இருப்பதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும் காரணம். தனி அலுவலர் காலத்தில் கிராமத்தார் ஒருவர் கையெழுத்தும் அந்தச் செக்கில் இல்லை. அன்றியும், மத்திய நிதிக் கமிஷன் சிபார்சின்படி வரும் மானியம் முறைப்படி தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தாபனங்களுக்கே உரியதென்று சொல்லி, தேர்தல் நடவாத அந்த வருஷங்களில் மத்திய சர்க்கார் நமது ராஜ்யத்துக்குச் சேரவேண்டிய மானியத்தை நிறுத்தி வைத்தது. தேர்தல் தாமதமாவதால் கிராமத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, வீண் சச்சரவு மிச்சம் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தின் கடைசி வாரங்களில் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கற்பட்டு என்னும் ஐந்து புதிய ஜில்லாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவைக்கப்பட்டன. செங்கற்பட்டுக்கு நவம்பர் 29-ந் தேதி. டிசம்பர் 2-ந் தேதி தேர்தல் கமிஷன் ராஜ்யம் முழுவதும் கிராமத் தேர்தல் என்று அறிவித்தது. இடையில் இருந்தது மூன்று நாள். உடனே வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

வழக்காடியவர்களின் வாதம் எளியது. ஜில்லாப் பஞ்சாயத்துக்குச் சுமார் 50,000 ஜனங்களுக்கு ஒரு வார்டு, யூனியனுக்குச் சுமார் 5,000 ஜனங்களுக்கு ஒரு வார்டு என்பது நமது சட்டம். ஜில்லா இரண்டானால் ஜில்லாப் பஞ்சாயத்தும் இரண்டாக வேண்டும். அதன் வார்டுகளைப் புதிதாக எண்ணவேண்டும். ஷெட்யூல்டு வகுப்பினர், பழங்குடியினர், ஸ்திரீகள் ஆகியோருக்குரிய ஸ்தானங்களையும் புதிய ஜில்லாவின் ஜனத்தொகையைக் கொண்டே பிரிக்கவேண்டும். பழைய ஜில்லாவில் 100-க்கு 20 ஆக இருந்த வகுப்பினர் புதிய ஜில்லாக்களில் ஒன்றில் 28 ஆகவும் மற்றொன்றில் 12 ஆகவும் இருக்கலாம். பழைய கணக்கை வைத்துக்கொண்டு இரண்டிலும் 20 என்றால் ஓரிடத்தில் குறைவு, ஓரிடத்தில் மிகுதி. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் சொல்லுபவை.)

டிசம்பர் 6-ந் தேதி கோர்ட்டு தீர்ப்பளித்தது. புதிய ஜில்லாக்கள் ஐந்து, அவற்றைப் பெற்ற பழைய ஜில்லாக்களாகிய காஞ்சீபுரம், வேலூர், விழுப்புரம், திருநெல்வேலி நான்கு, ஆக ஒன்பதிலும் தேர்தலை நிறுத்தி, நான்கு மாதத்துக்குள் எல்லை வகுத்து, பிறகு நடத்துமாறு உத்தரவாயிற்று. மற்ற 27 ஜில்லாக்களில் தடையில்லை. திருவள்ளூருக்கு வோட்டுக் கிடைத்ததும் காஞ்சீபுரத்துக்குக் கிடைக்காததும் இதனால்தான். நம் ஜில்லா அச்சமயம் பிரியவில்லை. 2018-ல் சென்னைக்குப் போன பகுதிகளோ 2011-லேயே மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட நகரப் பகுதிகளாகையால், கிராமத் தேர்தலின் வார்டுகளை அவை பாதிக்கவில்லை.

27 ஜில்லாக்களிலும் சேர்த்து ஜில்லாப் பஞ்சாயத்து அங்கத்தினர் 515, யூனியன் அங்கத்தினர் 5,090, கிராமப் பஞ்சாயத்துப் பிரஸிடெண்டுகள் 9,624, கிராம வார்டு அங்கத்தினர் 76,746, ஆக 91,975 ஸ்தானங்கள். நமது ஜில்லாப் பஞ்சாயத்துக்கு 24 வார்டுகள். வோட்டுப் போடுவது யந்திரத்தில் அன்று. சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுவது. ஒவ்வொரு வோட்டருக்கும் நான்கு சீட்டுகள்: கிராம வார்டுக்கு வெள்ளை, பிரஸிடெண்டுக்கு இளஞ்சிவப்பு, யூனியனுக்குப் பச்சை, ஜில்லாவுக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் வோட்டளிக்கும் இடங்களில் இரண்டாவது வார்டுக்கு நீலச்சீட்டு. கிராம வார்டுக்கும் பிரஸிடெண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது; யூனியனுக்கும் ஜில்லாவுக்கும் உண்டு. யூனியன் தலைவரையும் ஜில்லாத் தலைவரையும் ஜனங்கள் நேரில் தெரிந்தெடுப்பதில்லை; அங்கத்தினர்கள் கூடி 2020-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி தெரிந்தெடுத்தனர். கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், ஆரணி, ஊத்துக்கோட்டை போன்ற டவுன் பஞ்சாயத்துக்களில் வசிப்போர் இதில் சேர்த்தியில்லை. அவர்களுக்கு 2022-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதிதான் தேர்தல், அதுவும் யந்திரத்தின் மூலம். கும்மிடிப்பூண்டியில் கடைவீதியில் இருப்பவருக்கும், மூன்று மைல் தூரத்துக் கிராமத்தில் இருப்பவருக்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு முறையில் தேர்தல் நடந்தது இதனாலேயே.

தேர்தல் நடந்துவிட்டால் அதிகாரம் தானாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. கும்மிடிப்பூண்டி யூனியனைச் சேர்ந்த ஆத்துப்பாக்கம் பஞ்சாயத்தில் அந்தத் தேர்தலில் ஆதி திராவிட வகுப்பைச் சேர்ந்த ஓர் அம்மையார் பிரஸிடெண்டாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 2020-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி சுதந்திர தினத்தன்று தம்மைத் தேசியக் கொடியேற்ற விடவில்லை என்று அவர் புகார் கூறினார். அச்செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஐந்து நாட்களுக்குள் ஜில்லா கலெக்டர் நேரில் வந்து, அவரைக் கொண்டே கொடியேற்றச் செய்தார். அம்மையாருடைய ஸ்தானத்தைச் சட்டம் ஒதுக்கிற்று, ஜனங்கள் வோட்டளித்தார்கள், நாற்காலியும் இருந்தது. கொடிக்கயிறு கைக்கு வருவதற்குக் கலெக்டர் வரவேண்டியதாயிற்று. நமது சங்கங்கள் சிலவற்றிலும் ஸ்திரீ டைரெக்டர்களின் இடத்தில் புருஷர்கள் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் புஸ்தகத்தை மாத்திரம் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கத்தினர்கள் கேட்டால் நிற்கும், கேட்காவிட்டால் நடக்கும்.

ஒன்பது ஜில்லாக்களின் கதை நான்கு மாதத்தில் முடியவில்லை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய் பரவி எல்லாம் ஸ்தம்பித்தது. பிறகும் அவகாசம் கேட்கப்பட்டது. கடைசியில் 2021-ம் வருஷம் அக்டோபர் 6, 9 தேதிகளில் அங்கே தேர்தல் நடந்து, 12-ந் தேதி வோட்டுக்கள் எண்ணப்பட்டன. கணக்கிட்டுப் பாருங்கள்: 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை 5 வருஷம். ஒரு பஞ்சாயத்தின் முழு ஆயுள் எவ்வளவோ அவ்வளவு காலம் காஞ்சீபுரத்துக் கிராமங்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தன. முதல் மூன்று வருஷத்துக்கு ஒதுக்கீட்டு வழக்கும் அதன் தொடர்ச்சியும் காரணம். எஞ்சிய காலத்துக்கு ஜில்லா பிரித்த விதம் காரணம், நோயும் ஒரு காரணம்.

இதை வேறு விதமாகச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். பிரிட்டனில் இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்றொரு சிறு நாடு உண்டு. அங்கே 8 கவுண்டிக் கவுன்சில்களும் அவற்றின் கீழ் 37 டிஸ்டிரிக்டுக் கவுன்சில்களும் இருந்தன. 1994-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றினால் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 22 கவுன்சில்களாகச் செய்தார்கள். ஆனால் சட்டம் வந்த மறுநாளே பழையதைக் கலைக்கவில்லை. 1995-ம் வருஷம் மே 4-ந் தேதி புதிய எல்லைகளின்படி தேர்தல் நடந்தது. தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 11 மாதம் அதிகாரம் ஏற்காமல், சிப்பந்திகளை நியமிப்பது, வரவு செலவுத் திட்டம் தயாரிப்பது முதலிய ஆயத்த வேலைகளை மட்டும் பார்த்தார்கள். அந்தக் காலம் முழுவதும் பழைய கவுன்சில்கள் பள்ளிக்கூடங்களையும் ரஸ்தாக்களையும் நடத்திவந்தன. 1996-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, கணக்கு வருஷம் தொடங்கும் நாளில், பழையவர் இறங்கினர், புதியவர் ஏறினர். ஒரு நாளும் காலியாக இருக்கவில்லை. கிராம அளவில் உள்ள ‘கம்யூனிடி கவுன்சில்’களை இந்த மாறுதல் எடுத்துவிடவில்லை. அந்நாட்டிலும் மனக்குறைகள் உண்டு. பெம்புரோக்ஷயர் என்ற பழைய கவுண்டியை 1974-ல் வேறொரு பெரிய கவுண்டிக்குள் கரைத்தார்கள். ஜனங்கள் அதை ஒப்பவில்லை. 1996-ல் அப்பெயரும் எல்லையும் திரும்பி வந்தன. ஆயினும் எல்லை முதலில், தேர்தல் பிறகு, அதிகாரம் அதற்கும் பிறகு என்ற அவர்கள் வரிசை எனக்கு நியாயமாகப் படுகிறது. நம்மிடத்தில் திறப்பு விழா முதலில் வந்தது.

தாமதத்துக்கு எல்லை வகுப்பதைச் சாக்காகச் சொல்லக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-லேயே ஆமதாபாத் மாநகராட்சி சம்பந்தமான வழக்கில் கண்டிப்பாகக் கூறியிருந்தது. அப்படியிருக்க 2019-ல் அதே கோர்ட்டு எல்லை வகுக்கும்வரை நிறுத்திவைத்தது முரண்பாடல்லவா என்று படித்த அங்கத்தினர் ஒருவர் கேட்கக்கூடும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முந்தியது, காலம் முடியுமுன் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதைப் பற்றியது. பிந்தியது, தேர்தலின் வாசற்படியில் எல்லையே மாறிவிட்ட இடங்களைப் பற்றியது. என்றாலும் இரண்டிலும் காத்திருந்தது வோட்டரே.

இந்தக் குழப்பத்தின் பலன் ஒன்று பின்னும் தொடர்ந்தது. திருவள்ளூர் முதலிய 27 ஜில்லாக்களில் 2020 ஜனவரியில் ஏற்றவர்களின் காலம் 2025-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதியுடன் முடிந்தது. அப்போது தேர்தல் நடவாமல், மறுபடியும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒன்பது ஜில்லாக்களில் ஏற்றவர்களுக்கு 5 வருஷம் என்று கணக்கிட்டால் 2026 அக்டோபர் வரை வருகிறது. ஆக, 2019-ல் வோட்டுப் போட்ட நாம் 2025-ல் பிரதிநிதி இல்லாமல் நிற்க, அன்று காத்திருந்த காஞ்சீபுரத்தாருக்கு பிரஸிடெண்டு இருந்தார். மேலே சொன்ன அண்ணனும் தம்பியும் இடம் மாறிக்கொண்டார்கள்.

அதே சமயத்தில் இன்னொரு மாறுதலும் முளைத்தது. 2025-ம் வருஷத் தொடக்கத்தில் ராஜ்யம் முழுவதிலும் நகரங்களை ஒட்டிய அநேக கிராமப் பஞ்சாயத்துக்களைப் பக்கத்து நகரசபைகளோடும் மாநகராட்சிகளோடும் சேர்க்கும் உத்தேசம் வெளியாயிற்று. 2019-ல் மாநகராட்சியாக உயர்ந்த நமது ஆவடியைச் சுற்றிய கிராமங்களும் இந்தப் பேச்சில் அடிபட்டன. அவ்வருஷம் ஜனவரி 26-ந் தேதி நடந்த கிராம சபைகள் பலவற்றில் இணைப்பு வேண்டாம் என்று ஜனங்கள் குரல் எழுப்பினார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பன அவர்களுடைய முக்கிய அச்சங்கள். நகரத்தோடு சேர்வதால் பாதாளச் சாக்கடை, நல்ல ரஸ்தா, ஆற்றுத்தண்ணீர் ஆகியவை வரலாம் என்பதும் மெய்யே. தொழிற்சாலைகள் பெருகிய கிராமத்தின் குப்பையை ஒரு சிறு பஞ்சாயத்து சமாளிக்க முடியாது என்பதும் மெய்யே. ஆகவே சேருவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சேர்ந்தால் இழப்பது எது என்று தெரிந்து சேரவேண்டும். கிராமத்தில் பிரஸிடெண்டை நீங்களே வோட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கிறீர்கள்; 2022 தேர்தலில் நகரசபைத் தலைவரைக் கவுன்சிலர்களே தெரிந்தெடுத்தார்கள். கிராமத்தில் ஓட்டர் ஜாபிதாவில் பெயருள்ள எவரும் வந்து உட்கார்ந்து வரவு செலவு கேட்கக்கூடிய கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று 2022 முதல் வருஷத்தில் ஆறு முறை அது கூடுமென்று ஏற்பாடாயிற்று. சில நூறு பேருக்கு ஒரு வார்டு என்றிருந்தது, பல ஆயிரம் பேருக்கு ஒரு வார்டு என்றாகும். மேற்சொன்ன 120 இருளர்களை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

ஆகையால் எல்லை மாறும் செய்தி காதில் விழுந்தவுடன் சங்க அங்கத்தினர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வார்டு வகுப்பின் நகல் உத்தேசமாக வெளியிடப்படும்போது அதற்கு ஆட்சேபணை கூற ஒரு கெடு கொடுக்கப்படும். 2017-ம் வருஷ முடிவில் அவ்விதம் நகல் வெளியானபோது, தேர்தல் தினத்தன்று சாவடியில் உரக்கப் பேசியவர்களிற் பலர் அந்த நகலை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. கெடு தாண்டிய பிறகு, தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு, கோர்ட்டுக்குப் போவது மிகக் கடினம். எல்லை வகுப்புச் சட்டத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்பதற்கே அரசியல் சட்டத்தில் தடை உண்டு. எனவே பஞ்சாயத்து ஆபீசில் நகல் ஒட்டப்பட்டதும் சங்கத்தில் வாசிக்கத் தெரிந்த இருவர் சென்று, தங்கள் கிராமத்துத் தெருக்கள் ஒவ்வொன்றும் எந்த வார்டில் விழுந்திருக்கிறது என்று தெருவாரியாக எழுதி வரவேண்டும். ஒரே தெரு இரண்டு வார்டுகளில் விழுந்திருந்தாலும், ஒரு குடியிருப்பு ஏரிக்கு அப்பாலுள்ள வார்டோடு சேர்ந்திருந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டர் ஜாபிதாவிலும் இறந்தவர், ஊரை விட்டுச் சென்றவர், புதிதாகப் பதினெட்டு வயது நிரம்பியவர் ஆகியோரை அதே சமயத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். நமது அங்கத்தினர் ரிஜிஸ்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அரை நாள் வேலை.

ஆட்சேபணை மனுவைக் கலெக்டருக்கு எழுதுங்கள். அநியாயம், பாரபட்சம் என்ற சொற்களால் காகிதத்தை நிரப்புவதில் பயனில்லை. கிராமத்தின் பெயர், வார்டு நம்பர், தெருவின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, ஜனத்தொகைக் கணக்கில் கண்ட தலை எண், அந்தத் தெருவை எந்த வார்டோடு சேர்த்தால் எண்ணிக்கை எவ்வளவு ஆகும் என்பவற்றை மட்டும் எழுதி, பாதிக்கப்பட்ட குடியிருப்பைச் சேர்ந்தவர்களே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். கெடுவுக்கு முன்பே நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதைச் சங்கத்து இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்க.